எக்செல் அண்ணன்

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நாலு பேர் ஒரு சமையலறையைப் பங்குபோட்டுக்கொண்டால், அதில் ஒருவர் எக்செல் அண்ணனாக இருப்பார். மற்ற மூவருக்கும் இத்தாலி என்றால் கொலோசியம், பீட்சா, சாய்ந்த கோபுரம். அண்ணனுக்கு அது பல டேப்கள் கொண்ட ஒரு ஷீட். 'விமானம்' ஒரு டேப். 'தங்கல்' ஒன்று. 'ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள்' ஒன்று, 'ஊரிலிருந்து ஏர்போர்ட்டுக்கு' ஒன்று. 'தண்ணீர்', 'கழிவறை' என்றுகூட உண்டு. கழிவறைக்கு எதற்குத் தனி டேப் என்று கேட்பவர், இத்தாலியப் பெரிய ரயில் நிலையங்களில் தானியங்கிக் கதவின் முன்னால் ஒரு யூரோ நாணயத்துக்காகப் பையைத் துழாவிக்கொண்டு நின்றதில்லை.

அண்ணனுக்கு வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான் இருக்கும். வீட்டு முகவரியைப் பதிவுசெய்வதிலிருந்து சிம் கார்டு வரை புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்தே அண்ணன் ஆனவர். இந்த இனத்தில் அக்காக்களும் உண்டு. அவர்கள் ஷீட்டில் கலர் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

இவரைக் கஞ்சன் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது அநியாயம். 2023-24 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் படித்த இந்தியர்கள் 49,000-க்கும் மேல்; வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் நம்மவர்களுக்குத்தான். இப்படிப் போகிறவர் விசாவுக்காக வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ. முடக்கிய பணம் மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். அறை வாடகை, காப்பீடு, சாப்பாடு போக மிஞ்சுவதை வைத்து ரோம் பார்க்க வேண்டும். ஊரில் கல்விக் கடன் வட்டி வேறு தூங்காமல் வளர்கிறது. இந்த நிலையில் ஷீட் போடாதவன்தான் ஆச்சரியம்.

ஆனால் நிலைமைக்காகத் தொடங்கிய ஷீட், எப்போதோ அண்ணனின் கலையாகிவிட்டது. அங்கேதான் நகைச்சுவை ஆரம்பம்.

பிப்ரவரி நடுவில் வகுப்புகள் முடிந்து ஏப்ரல் நடுவில்தான் மறுபடி தொடங்கும். எல்லோரும் தேர்வு அட்டவணையைப் பார்க்கும் டிசம்பரில், அண்ணன் ஸ்கைஸ்கேனரில் 'எங்கே வேண்டுமானாலும்' என்று போட்டு, விலை ஏறு வரிசையில் கண்டங்களை உருட்டிக்கொண்டிருப்பார். பிரவுசரை மறைமுக முறையில் திறந்தால் விலை குறையும் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. டிக்கெட் 14.99 யூரோ என்று கண்ணில் பட்ட ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும்: "டேய், இன்னும் பத்து நிமிஷத்துல சொல்லுங்க. விலை ஏறிடும்." குழுவில் எட்டுப் பேர். ஆறு பேர் தம்ஸ் அப் போடுவார்கள். பாஸ்போர்ட் நம்பர் கேட்டதும் நாலு பேர்.

மலிவு விமானங்களின் பூகோளம் தனி. மெம்மிங்கன் விமான நிலையத்துக்கு 'மியூனிக் வெஸ்ட்' என்று பெயர்; மியூனிக் அங்கிருந்து 110 கிலோமீட்டர். 'ஃபிராங்க்பர்ட்-ஹான்' என்ற பழைய அமெரிக்க விமானத் தளத்திலிருந்து ஃபிராங்க்பர்ட் 120 கிலோமீட்டர். இத்தாலியிலும் அப்படித்தான். மிலான் என்று டிக்கெட் வாங்கினால் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி பெர்கமோவில் இறங்குவோம். வெனிஸ் என்றால் திரெவிசோ. முதல் செமஸ்டர் பிள்ளை இதைப் பித்தலாட்டம் என்பான். அண்ணன் அப்படிப் பேசுவதில்லை. மெம்மிங்கன் வரை போக அவரிடம் டாய்ச்லாந்து டிக்கெட் இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்து, பிறகு ஏறிக்கொண்டே போகும் அந்த மாதாந்திரப் பாஸில் நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் போகலாம். அதாவது மெம்மிங்கன் அவருக்கு ஓசி.

இந்தப் பாஸ் ஆஸ்திரிய எல்லைக்குள்ளே கூஃப்ஸ்டைன் நிலையம் வரைக்கும் செல்லும் என்பது தெரிந்த நாள் அண்ணனுக்கு ஒரு பண்டிகை. அங்கிருந்து டிக்கெட் எடுத்தால் போதும்: இன்ஸ்ப்ரூக், பிரென்னர் கணவாய், போல்சானோ, வெரோனா. நேரடி ரயில் மியூனிக்கிலிருந்து ஐந்தரை மணி நேரத்தில் போய்ச் சேரும் வெரோனாவுக்கு, அண்ணன் ஒரு பகல் முழுவதையும் கொடுத்து, ஊர் ஊராக இறங்கி ஏறிப் போவார். பணம்தான் செலவு, நேரம் செலவில் வராது.

இந்த வழிக்குப் பழைய பெருமை உண்டு. 1786 செப்டம்பர் 3-ஆம் தேதி விடியற்காலை மூன்று மணிக்குக் கார்ல்ஸ்பாடிலிருந்து யாருக்கும் சொல்லாமல் கிளம்பிய கவிஞர் கதே, இதே பிரென்னரைத் தாண்டித்தான் வெரோனா போனார். மூன்று மணிக்குக் கிளம்புவதில் அண்ணனும் அவரும் ஒன்று. மற்றபடி கதேயிடம் இரண்டு பைகள் இருந்தன. இன்றைய மலிவு விமானத்தில் ஒன்றுக்குத் தண்டம் கட்டியிருப்பார். அவரை வேலைக்கு வைத்திருந்த பிரபு அவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்திருந்தார். அண்ணன் வேலை பார்க்கும் கிடங்கில் விடுமுறை என்றால் அந்த நாள் கூலி கிடையாது.

பைக்கு வருவோம். ரையன்ஏரில் இலவசமாகக் கொண்டுபோகும் பையின் அளவு இப்போது 40, 30, 20 சென்டிமீட்டர். சீட்டுக்கு அடியில் போக வேண்டும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அண்ணன் தையல் டேப்போடு அறை அறையாக வருவார். பையைச் சுவரில் சாய்த்து வைத்து அளப்பார். முன்புறப் பாக்கெட் புடைத்திருந்தால், "இது இருபத்திரண்டு வருதுடா, பிதுங்குது" என்று சொல்லித் துண்டை உருவி வெளியே போடுவார். உருவிய துண்டு கழுத்துத் தலையணையின் உறைக்குள் போகும். பஞ்சை எடுத்துவிட்டு அதில் மூன்று டி-ஷர்ட் ஏற்கெனவே அடைத்தாயிற்று. ஜெர்க்கினின் உள்பாக்கெட்டில் சார்ஜர், வெளிப்பாக்கெட்டில் பல் துலக்கும் பிரஷ், பவர் பேங்க். அண்ணனின் சொந்தப் பையில் பாதியை ஒரு குட்டி ரைஸ் குக்கர் பிடித்துக்கொண்டிருக்கும். குக்கருக்குள் ஜிப் கவரில் அரைக் கிலோ அரிசி, அரிசிக்கு மேல் புளியோதரைப் பொடி, அதற்கும் மேல் சுருட்டிய சாக்ஸ். ஸ்கேனர் பார்க்கும் அதிகாரிக்கு இந்த அடுக்கு புரிவதில்லை. வெளியே எடுத்துத் திறக்கச் சொல்வார். குக்கர் தப்பிவிடும். அம்மா ஊரிலிருந்து அனுப்பிய மாங்காய்த் தொக்கு 100 மில்லியைத் தாண்டினால் தப்பாது. தொக்கு திடமா திரவமா என்று நம் வீடுகளில் யாரும் யோசித்ததில்லை. விமான நிலையச் சட்டம் அதைத் திரவத்தோடு சேர்த்துவிட்டது.

ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்கள் கவுண்டரில் போய் ஆவணம் காட்ட வேண்டும் என்ற விதியும் அவருக்கு மனப்பாடம். பாஸ்போர்ட்டோடு குடியிருப்பு அட்டையும் வேண்டும். அட்டை காலாவதியாகிப் புதியதுக்குக் காத்திருக்கும் பிள்ளை ஒருவன் குழுவில் கட்டாயம் இருப்பான். அவனிடம் இருக்கும் தற்காலிகச் சான்றில் எந்தக் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வெளியே போய்த் திரும்பி வர முடியுமா முடியாதா என்பது. அண்ணன் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கும் நிதானத்தைப் பார்த்தால், விண்ணப்பத்தை வாங்கிய அதிகாரியே கற்றுக்கொள்ளலாம்.

தங்குமிடம் தேடும்போது அண்ணன் நல்ல விமர்சனங்களைப் படிக்கவே மாட்டார். மோசமானதிலிருந்து மேலே வருவார். 'மூட்டைப்பூச்சி' என்ற சொல்லை ஆங்கிலம், ஜெர்மன், இத்தாலியம் மூன்றிலும் தேடுவார். எட்டுக் கட்டில் அறையா, பன்னிரண்டா, துண்டு தருவார்களா, லாக்கருக்குப் பூட்டு நாம் கொண்டுபோக வேண்டுமா, எல்லாம் ஷீட்டில் ஏறும். ஆன்லைன் விலையில் சேராமல் ஓட்டல் மேசையில் தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிக்கும் நகராட்சி வரிக்கு ஒரு வரிசை. கன்னியர் மடங்களில் சுத்தமான அறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் ராத்திரி குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். ஹாஸ்டல் வார்டனுக்குப் பயந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது பெரிய தடையில்லை என்று அண்ணன் அடிக்குறிப்பு எழுதியிருப்பார்.

வெனிஸில் அவர் தங்கவே மாட்டார். தீவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப்புறம் மெஸ்த்ரேயில் தங்கி, பத்து நிமிட ரயிலில் போவார். 2024 ஏப்ரல் 25-லிருந்து, கூட்டம் அதிகமுள்ள நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் வெனிஸ் நகராட்சி ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. அதற்கு அடுத்த ஆண்டு முதல், கடைசி நேரத்தில் கட்டினால் பத்து. மெஸ்த்ரேயும் அதே நகராட்சிதான் என்பதால், அங்கே ராத்திரி தங்குகிறவருக்கு விலக்கு உண்டு. இதைக் கண்டுபிடித்த அன்று அண்ணன் குழுவில் போட்ட வாய்ஸ் நோட்டை யாரும் முழுசாகக் கேட்கவில்லை.

அவர் கணக்கு சறுக்குவது அருங்காட்சியகத்தில். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு இரண்டே யூரோ என்று படித்துக் குதித்தவர், அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு என்ற அடுத்த வரியைப் பார்த்து உட்கார்ந்தார். ஜெர்மன் மாணவர் அட்டை அங்கே செல்லாது. விடுவாரா? மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் எல்லோருக்கும் இலவசம். மாதத்தின் கடைசி ஞாயிறு வாடிகன் அருங்காட்சியகம் இலவசம். ஆக, இந்த மாதக் கடைசி ஞாயிறு வந்து, அடுத்த மாத முதல் ஞாயிறு வரை இருந்துவிட்டால் இரண்டும் ஓசி! கொலோசியம் 18, வாடிகன் 20. தலைக்கு 38 யூரோ மிச்சம். இடையில் ஏழு ராத்திரி தங்க வேண்டியிருக்கிறதே என்று ஒருவன் கேட்டான். அது 'தங்கல்' டேப்பில் வரும், 'நுழைவு' டேப்பில் வராது என்று பதில் வந்தது.

தண்ணீர் டேப் மட்டும் குறையே சொல்ல முடியாதது. ரோம் நகரத் தெருக்களில் மூக்கு வைத்தாற்போல் வளைந்த குழாயோடு சுமார் 2,500 குடிநீர்க் குழாய்கள் நிற்கின்றன; ராத்திரி பகலாகக் குளிர்ந்த நல்ல தண்ணீர், காசில்லாமல். காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை என்பதால் அண்ணன் குழு இத்தாலியில் உட்கார்ந்ததே குறைவு. ஸ்பானியப் படிகளிலாவது உட்காரலாம் என்றால் 2019-லிருந்து அங்கே உட்கார்ந்தால் அபராதம்.

இனி, அண்ணனின் தலைசிறந்த படைப்பான 'ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குள்' டேப். பீசா விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையம் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். 2017-லிருந்து ஆளில்லாத குட்டி ரயில் ஐந்து நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. அண்ணன் குறிப்பு: 'நடக்கவும்.' நேப்பிள்ஸில் அலிபஸ், ஐந்து யூரோ. ரோம் ஃபியூமிச்சினோவிலிருந்து லெயோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் தெர்மினி நிலையம், 14 யூரோ. எஃப்.எல்.1 உள்ளூர் ரயில் எட்டு யூரோ, ஆனால் தெர்மினி போகாது. திபுர்தினாவில் இறங்கி ஒன்றரை யூரோவுக்கு மெட்ரோ பிடிக்க வேண்டும். பஸ் இன்னும் மலிவு. டாக்சி என்று ஒரு வரிசை இருக்கிறது. அதன் மேல் கோடு போட்டு அடித்திருக்கிறது.

இந்த டேப்பை நம்பி நாலு பேரும் ரோம் போன ராத்திரி, விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். ஃபியூமிச்சினோவில் இறங்கியபோது ரயில்கள் ஓய்ந்துவிட்டன. பஸ் நிற்குமிடத்தில் வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. அதுவரை வாயே திறக்காத முதல் செமஸ்டர் பையன் போனைப் பார்த்தபடி சொன்னான்: "ண்ணா, இங்கேர்ந்து சிட்டிக்கு டாக்சி ஃபிக்ஸட் ரேட், அம்பத்தஞ்சு யூரோ. நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்குப் பதிமூணே முக்கால். உங்க ஷீட்ல எக்ஸ்பிரஸ் ட்ரெயினே பதினாலு."

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது சுவருக்கு உள்ளே போனாத்தான்டா" என்றார்.

விஷயம் சரிதான். காட்டுமிராண்டிப் படையெடுப்புக்குப் பயந்து பேரரசர் ஔரேலியன் கி.பி. 271-ல் கட்டத் தொடங்கிய சுமார் 19 கிலோமீட்டர் மதில்தான் இன்று ரோம் டாக்சிக்காரர்களின் நிலையான கட்டணத்துக்கு எல்லை. உள்ளே இறங்கினால் 55. வெளியே என்றால் மீட்டர். அண்ணன் பிடித்த ஹாஸ்டல், பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்த சான் லொரென்சோ பகுதியில் இருந்தது. மதிலை ஒட்டி. வெளிப்புறமாக. உள்ளே இருப்பதைவிட ராத்திரிக்கு நாலு யூரோ மலிவு.

"மீட்டர்னா எவ்வளவு ஆகும்ண்ணா?"

"அதெல்லாம் தெரியாது. மீட்டர் ஓடுற வண்டியில நான் உட்கார மாட்டேன்."

டாக்சி வரிசையில் முதல் வெள்ளை வண்டியின் டிரைவரிடம் அண்ணன் வரைபடத்தை நீட்டினார். ஹாஸ்டல் இருக்கும் புள்ளியை அல்ல. அதற்கு எதிரே, போர்தா திபுர்தினா வாசலுக்கு உள்பக்கத் தெருமுனையை. டிரைவர் இரண்டு விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், அங்கே ஓட்டல் எதுவும் இல்லையே என்று கையை விரித்தார். அண்ணன் ஐந்து விரலை இரண்டு முறை காட்டினார். டிரைவர் தோளைக் குலுக்கிவிட்டு டிக்கியைத் திறந்தார். அதில் வைக்க யாரிடமும் பெட்டி இல்லை. எல்லாம் 40, 30, 20.

நள்ளிரவு தாண்டி மதிலுக்கு இந்தப்புறம் நாலு பேரும் இறங்கினார்கள். அண்ணன் 55 யூரோவைக் கொடுத்து ரசீது வாங்கி, அங்கேயே நின்று, செலவைப் பங்கிடும் ஸ்ப்ளிட்வைஸ் செயலியில் ஏற்றினார். பிறகு நால்வரும் குக்கர் சலசலக்க வாசலைக் கடந்து, தெருவைத் தாண்டி, இரண்டாவது கட்டடத்தில் அழைப்பு மணியை அழுத்தினார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த டிரைவர் பிரேக் போட்டு, கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.