கறுப்புக் கண்ணாடிப் பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்பிடி குந்து. பெஞ்சுக்கு அந்தப் பக்கத்துக் கால் ஆடும், பைலட்டாச்சே, சமாளிச்சிக்குவே. கண்ணாடியக் கழட்டாதே, நல்லாத்தான் இருக்குது. மாஸ்டர், நம்ம கேப்டனுக்கு ஒரு டீ, சக்கரை தூக்கலா.

கேப்டன்னா ஏண்டா நெளியறே? கோயில் முனையில ஒங்கப்பன் கட்டின பேனர்ல அப்பிடித்தானே போட்டிருந்துச்சி? தோள்ல மூணு பட்டையோட நீ, பின்னால ஒரு ஏரோப்பிளேன், பக்கத்துல ரெண்டு புறா. அந்த பேனர் இப்ப எங்க ஆட்டுக்கொட்டாய்க்குக் கூரை. ரெண்டு மழை பாத்துடுச்சி, ஒரு சொட்டு ஒழுவல. ஒன் படிப்புல இதுவரைக்கும் பலன் அனுபவிச்சது எங்க ஆடுங்கதான்.

தெனமும் ஏரிக்கரைமேல ஏறி நின்னு, போனப் பாத்து, "தாத்தா, இது துபாய்லேர்ந்து வருது, அது சிங்கப்பூர்"னு சொல்றியே, அதையும் கொறை சொல்லமாட்டேன். மீனம்பாக்கத்துல எறங்கற பிளேன எண்ண ஒரு ஆள் வேணும்தான். சம்பளம் குடுக்கத்தான் ஆள் இல்ல.

இன்னா சொன்னே? நாட்டுல பைலட்டுக்குப் பஞ்சமா? 2023-ல ஏர் இந்தியா 470 பிளேனு, இண்டிகோ 500 பிளேனு ஆர்டர் குடுத்தப்போ ஒங்கப்பன் பேப்பரத் தூக்கிக்கினு ஓடியாந்து எனக்குப் படிச்சிக் காட்டினான். படிச்ச கையோட ஒரு ஏக்கர் கழனிய வித்தான். ஆர்டர் குடுத்த பிளேனு நாளைக்கே வந்து நிக்குமா? வருசக்கணக்குல ஒண்ணொண்ணா வரும். அதே 2023-ல 1,600 பேருக்கு மேல ஒன்ன மாதிரி சி.பி.எல். லைசென்ஸு வாங்கினாங்க. அதே வருசம் மே மாசம் கோ ஃபர்ஸ்ட் கம்பெனி பறக்கறத நிறுத்திச்சி. முன்னால 2019-ல ஜெட் ஏர்வேஸ், அதுக்கும் முன்னால 2012-ல கிங்ஃபிஷர். அதுங்கள்ல ஓட்டினவன் எல்லாம் ஊட்டுக்குப் போயி ஆடு மேய்ப்பானா? ஆயிரக்கணக்குல மணி நேரம் பறந்த நோட்டுப் புத்தகத்தோட வந்து வரிசையில நிப்பான். நீ செஸ்னாவுல 200 மணி நேரம் சுத்திட்டு அவன் முதுகுக்குப் பின்னால நிக்கறே. பஞ்சம் கேப்டனுக்குடா. மேஸ்திரி கெடைக்கலன்னா சித்தாளுக்கா கூலி ஏத்துவான்?

2025 டிசம்பர்ல இண்டிகோவுல ஆயிரக்கணக்குல பிளேனு ரத்தாச்சே, ஞாபகம் இருக்குதா? பைலட்டுக்கு வாரத்துல 48 மணி நேரம் ஓய்வு குடுக்கணும்னு விதி வந்துச்சி, ஆள் பத்தல. இப்பக் கூப்புடுவான்னு நீ போன சார்ஜுல போட்டுக்கினே குந்தியிருந்தே. ஒனக்கு அந்த விதியே வேணாம், வாரத்துல 168 மணி நேரமும் ஓய்வுதான்.

எதுரால இருக்கற ஏரியப் பாரு. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி. அந்த 19 கண் மதகு மாசக்கணக்கா மூடியே கெடக்கும், மேல காக்கா குந்தும். வடகிழக்கு மழை புடிச்சி, நீர்மட்டம் மெரட்டற அன்னைக்குத்தான் சைரன் ஊதித் தெறப்பான். ஒன் வேலையும் அப்பிடித்தான். தெறக்கற அன்னைக்கு வாய்க்கால்ல நிக்கறவனுக்குத் தண்ணி. நிக்கறதுன்னா சும்மா இல்ல, வருசா வருசம் மெடிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், எல்லாம் உசிரோட இருக்கணும். ஆனா ஒண்ணு, 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செகண்டுக்கு 29,000 கன அடி தெறந்தப்போ அடையாத்தோரம் பட்ட பாடும் எனக்குத் தெரியும். கூப்புடறான்னு ஒரு ஏஜென்ட் சொன்னதும் குதிச்சிடாதே.

குதிக்கறதுன்னதும் ஞாபகம் வருது. அடுத்த ஏக்கர வித்து டைப் ரேட்டிங் பண்ணப் போறியாமே? பண்ணு ராசா, கட்டாயம் பண்ணு. எந்தக் கம்பெனியும் கூப்புடறதுக்கு முன்னாலயே ஏர்பஸ்ஸுக்கு ரேட்டிங் எடுத்து வெச்சிக்க. அப்பால கூப்புடறவன் போயிங் வெச்சிருந்தா இன்னா, கெணத்து மேட்டுல அரை ஏக்கர் பாக்கி இருக்குதே! பரந்தூர்ல ஏர்ப்போர்ட்டு வருதுன்னதும் நெலத்தக் குடுக்கமாட்டோம்னு ஏகனாபுரத்துல வருசக்கணக்காப் போராடறாங்க. ஒங்கப்பன்கிட்ட எந்த ஏர்ப்போர்ட்டும் கேக்கவே இல்ல, அவனாவே குடுத்துட்டான்.

கம்பெனிக்காரன் வெக்கற பரீட்சையில கையும் காலும் கண்ணும் ஒரே நேரத்துல வேலை செய்யுதான்னு கம்ப்யூட்டர்ல சோதிக்கறானாம், காம்பஸோ இன்னாவோ. ரெண்டு மாட்ட ஏர்ல பூட்டி, ஒரு கையில மேழி, ஒரு கையில சாட்டை, வாயில பீடியோட சேத்துல நேரா சால் ஓட்டின ஒங்க கொள்ளுத்தாத்தன அங்க குந்த வெச்சிருக்கணும்.

இந்தியாவுல மொத பைலட்டு லைசென்ஸு 1929-ல ஜே.ஆர்.டி. டாட்டா வாங்கினாரு. வேலை யாரு குடுத்தா? அவுங்க கம்பெனியேதான். 1932 அக்டோபர்ல கராச்சியில தபால் மூட்டைய ஏத்திக்கினு பம்பாய்க்கு ஓட்டினாரு. அங்கேர்ந்து நெவில் வின்சென்ட்டு நம்ம மெட்ராஸுக்குக் கொண்டாந்தாரு. சீமான் ஊட்டுப் புள்ள, மொத வேலை மூட்டை தூக்கறது. நீ டாட்டா ஊட்டுல பொறக்காதது ஒங்கப்பன் தப்பு. மூட்டை தூக்கமாட்டேன்றது ஒன் தப்பு.

பயிற்சிப் பள்ளியில உதவி வாத்தியாரா சேந்தா மணி நேரம் சேரும். காசு கம்மி, வெயில் ஜாஸ்தின்றே. மீனம்பாக்கத்துல தரையில நிக்கற வேலைன்னா, பறக்கறவன் தரையிலயான்றே. ஒரகடத்துக்குப் போற கம்பெனி பஸ்ஸப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கறே. அதுல போற பொண்ணு கழுத்துல ஒரு அட்டை, ஒன் பர்சுல ஒரு அட்டை. அவ அட்டையக் காட்டினா கேட்டு தெறக்குது.

சரி, டீ ஆறுது, குடி. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு நம்ம கழனிக்கு மருந்தடிக்க ட்ரோன் வருது. ஓட்டறது மகளிர் குழுவுல இருக்கற ஒன் அத்தை மருமவ. பத்தாவது பாஸு, 15 நாள் பயிற்சி, கையில ரிமோட் பைலட்டு சர்டிபிகேட்டு. நம்ம வல்லம் வடகால் பக்கம் அந்த ட்ரோனச் சோதிக்கறதுக்கே தனியா மையம் போடறாங்க, நீ வானத்தையே பாத்துக்கினு இருக்கறே. அவளுக்கு பேட்டரி மாத்திக் குடுக்க ஒரு ஆள் வேணுமாம், நல்ல படிச்ச ஆளா ஒருத்தன் இருக்கறான்னு நான் சொல்லிட்டேன்.

மறக்காம அந்தக் கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கினு வா. காத்து திரும்பினா மருந்து கண்ணுல அடிக்கும்.