ஐந்து நிமிஷ வேலை

ஆபீஸ் இடம் மாறப்போகிறது என்றதும் ஆளாளுக்கு ஜன்னலோர மேஜைக்கு அடிபோடுவார்கள். சிஸ்டம் அட்மின் மட்டும் துக்க வீட்டுக்காரர் போல நடமாடுவார். "சர்வர் ஐ.பி.யை மாத்தணும் சார்" என்பார். "அஞ்சு நிமிஷ வேலைதானேய்யா!" என்பார் மேனேஜர். அட்மின் மறுக்கமாட்டார், ஏனென்றால் அது உண்மை. ஆனால் அவரைத் தொடைநடுங்கி என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அந்த ஐ.பி. எண் சர்வரில் மட்டும் குடியிருக்கவில்லை. கணக்குப் பிரிவின் டேலி அதைத்தான் தேடும். ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்ததை அங்கேதான் அனுப்பும். வருகைப்பதிவு மெஷினில் அதை அடித்து வைத்த வெண்டர், பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாமல் தொழிலையே மாற்றியிருப்பார். இதற்கெல்லாம் பட்டியல் கிடையாது. அட்மினின் மண்டைதான் ரிஜிஸ்தர். (அவருக்கு லீவு கிடைக்காததன் ரகசியமும் அதுவே.)

எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லையே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயம்தான், பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித்தரும் டி.என்.எஸ்.ஸை 1983-இலேயே பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்துவிட்டார். ஆனால் ஒருமுறை கேட்டறிந்த எண்ணைக் கம்ப்யூட்டர் லேசில் மறக்காது. அதை நினைவில் வைத்திருக்கும் கெடு 86,400 வினாடி என்றிருந்தால் ஒரு முழு நாள் வரை பழைய விலாசத்திலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அதனால் கெட்டிக்கார அட்மின் ஓரிரு நாள் முன்னதாகவே அந்தக் கெடுவை 300 ஆக்கிவிடுவார். சின்ன ஆபீஸில் இன்னொரு கூத்து: பெயருக்கு எண் சொல்லும் சர்வரும் இதே சர்வர்தான். அதன் எண்ணே மாறினால் யாரிடம் போய் விசாரிப்பது? பழைய எண்ணையே கூட்டிப்போகலாமே என்றால், 192.168 வகை உள் எண்களை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். புதுக் கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கும் கிளையும் அதே 192.168.1-ஐ வைத்திருந்தால் இரண்டும் மோதும். வெளி எண்ணோ பெரும்பாலும் இணைய நிறுவனத்தின் சொத்து, கனெக்‌ஷன் மாறினால் அதுவும் போச்சு.

உலக நிபுணர்களே இதில் கை பிசைந்தவர்கள்தான். எண் மாற்றும் கலையை இன்னும் சீர்படுத்த வேண்டியிருக்கிறது என்று 1996 பிப்ரவரியில் தலைப்பிட்டே ஓர் ஆவணம் வெளியிட்டார்கள், ஆர்.எஃப்.சி. 1900 என்று. 2010 மே மாதம் வந்த ஆர்.எஃப்.சி. 5887-இன் தலைப்பில் புதிதாகச் சேர்ந்தது 'இன்னமும்' என்ற ஒரு சொல்தான். ஆகவே அட்மின் இந்த வேலைக்குச் சனிக்கிழமை ராத்திரியைக் கேட்பது சோம்பலால் அல்ல. ஞாயிறு முழுக்க ஆபீஸ் பூட்டியிருக்கும். 'நெட் வரலை' என்று கத்த ஆள் இருக்காது.