தங்கப் பாலத்துக்கு டெண்டர் விடாத சுல்தான்

ஜொகூருக்கு முதல் நெடுஞ்சாலைத் திட்டத்தைத் தீட்டியது எந்த இலாகாவும் இல்லை. கல்யாணத்தைத் தட்டிக்கழிக்கப் பார்த்த ஒரு பெண்.

தங்காக் பக்கம் போகிறவர்களுக்கு குனோங் லேடாங் தெரியும். உயரம் 1,276 மீட்டர். சாலமோன் ராஜாவுக்குக் கப்பல் கப்பலாகத் தங்கம் அனுப்பிய ஓஃபிரின் பெயரை வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்கு வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் தங்கம் தோண்டியதும் உண்மைதான். ஆனால் சாலமோன் நேரில் வந்து பார்த்திருந்தால் வந்த வழியே கப்பலைத் திருப்பியிருப்பார்.

செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூல் சொல்லும் கதை இது. மலாக்காவை ஆண்ட சுல்தான் மகமுட் ஷாவுக்கு மனைவி இறந்துவிட்டார். ராஜகுமாரிகள் எல்லா ராஜாக்களுக்கும்தான் கிடைக்கிறார்கள், வேறு எவனுக்கும் வாய்க்காத பெண் வேண்டும் என்று மன்னர் அடம்பிடித்தார். அப்படி ஒருத்தி லேடாங் மலைமேல் இருந்தாள். பெண் கேட்கப் போன கூட்டத்தில் மாவீரர் ஹங் துவாவும் உண்டு. காற்றும் குளிரும் தாங்காமல் பெரிய தலைகள் கீழேயே தங்கிவிட, துன் மமாட் என்பவர்தான் உச்சிக்கு ஏறினார். வீரம் பெரியவர்களுக்கு, மூச்சு வாங்குவது பதவியில் கீழே உள்ளவனுக்கு. இன்றைய அலுவலகங்களிலும் அதே நடைமுறைதான்.

அங்கே பெண்ணின் சார்பில் ஒரு கிழவி சீர்வரிசைப் பட்டியலை ஒப்பித்தாள். மலாக்காவிலிருந்து மலைவரை தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம். ஏழு தட்டு கொசு இதயம், ஏழு தட்டு உண்ணி இதயம். ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி இளம்பாக்குச் சாறு. சுல்தானின் ரத்தம் ஒரு கிண்ணம், மகன் ராஜா அகமதுவின் ரத்தம் ஒரு கிண்ணம்.

நேர்கோட்டில் அளந்தாலே நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தங்கம்! நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994-ல் முழுதாகத் திறந்தபோது தாரோடு முடித்துக்கொண்டார்கள், அதற்கே டோல் இந்தப் போடு போடுகிறது.

சுல்தான் தங்கத்துக்கு முகம் சுளிக்கவில்லை, கொசுவுக்கும் சளைக்கவில்லை. ரத்தம் என்றதும்தான் பின்வாங்கினார். மனசு வரவில்லையாம். திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது.

1511-ல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்ததும் அதே சுல்தான் மூவார் பக்கம் ஓடிவந்தார், பாலம் எதுவும் இல்லாமலே. கொஞ்ச நாளில் மகன் அகமதுவின் போக்குப் பிடிக்காமல் ஆள் வைத்துத் தீர்த்துக்கட்டினார். அப்போது கிண்ணம் வேண்டும் என்று யாரும் கேட்கக்கூட இல்லை.