மருமவனே, நீ எந்த வரிசையில நிக்கப் போறே?

"மாமா, மூணையும் எடுத்துரலாம்னு இருக்கேன்"னு நீ போன்ல சொன்னப்பவே எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ஒங்க அத்தை பக்கத்துல இருந்ததால அடக்கிக்கிட்டேன். அமெரிக்காவுக்குள்ள நுழையுத இமிக்ரேஷனுக்குக் குளோபல் என்ட்ரி, பாதுகாப்புச் சோதனைக்குப் பிரீசெக், அப்புறம் கிளியர். மூணுக்கும் பணத்தைக் கட்டிட்டு, அதுக்கப்புறமும் விமானத்துக்கு நாலு மணி நேரம் முந்தியே போயி காபிக் கடை வாசல்ல உக்காந்திருப்பே. ஒங்க அப்பா ரயிலுக்குப் போற லட்சணம் எனக்குத் தெரியாதா? நெல்லை எக்ஸ்பிரஸ் ராத்திரிதான் கெளம்பும். மனுசன் சாயங்காலம் பால்காரன் வாரதுக்கு முந்தியே ஜங்ஷன்ல பெட்டி மேல உக்காந்திருப்பாரு. அந்த ரத்தத்துக்கு எதுக்கு அவசரக் கார்டு?

சரி, வாயைத் திறந்து கேட்டுட்டே. சொல்லுதேன். மக வீட்டுல நியூஜெர்சியில இருந்தப்ப பனி கொட்டிக்கிட்டே கெடந்துச்சு. வெளிய போக வழியில்ல. பேரன் டிவியை விட மாட்டான். அந்த ஊரு அரசாங்கம் போட்டிருக்க விதிமுறைகளை ஒண்ணு விடாம வாசிச்சேன். வக்கீல் குமாஸ்தாவா காலந்தள்ளினவனுக்கு விதிமுறைதான் நாவல், தெரிஞ்சுக்கோ.

மொதல்ல ஒன் நெலமையைப் பாப்போம். நீ இருக்கது எச்1பி விசாவுல. பிரீசெக் மட்டும் தனியா வேணும்னா அமெரிக்கக் குடிமகனா இருக்கணும், இல்ல கிரீன் கார்டு இருக்கணும். ஒனக்கு ரெண்டும் கெடயாது. கிரீன் கார்டு வரிசையில நிக்கியே, அது எப்ப முடியும்னு ஒம் பேரப்பிள்ளை காலத்துல விசாரிச்சுக்கிடலாம். ஆனா குளோபல் என்ட்ரிக்கு இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். 2017-லேர்ந்து நம்மாளுகளையும் சேத்துக்கிடுதான். அதை வாங்கினா பிரீசெக்கும் அதுக்குள்ளேயே அடக்கம். ஆக, சின்னக் கதவு ஒனக்குத் திறக்காது, பெரிய கதவு திறக்கும். நம்ம தாலுகா ஆபீஸ்லதான் இப்பிடிக் கோணலா யோசிப்பாங்கன்னு இவ்வளவு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

காசு எவ்வளவுங்கே? 120 டாலர், அஞ்சு வருசத்துக்கு. 2024 அக்டோபர் வரைக்கும் 100-ஆ இருந்துச்சு. விண்ணப்பத்தைத் தள்ளிட்டான்னாலும் காசு திரும்பாது. கணக்குப் போட்டா வருசத்துக்கு 24 டாலர். ஆபீஸ் வேலையா மாசாமாசம் ஊரு ஊராப் பறக்குத ஒனக்கு அது பெருசில்ல. பிரீசெக் மட்டும்னா 80 டாலர் சுமாருக்கு முடியும், குடியுரிமை வாங்கின ஒன் சேக்காளிகளுக்கு. அவங்கள்ல வருசத்துக்கு ஒரு தடவைகூட வெளிநாடு போகாதவனுக்கு அதுவே தாராளம். அவங்க திரும்பி வரும்போது இமிக்ரேஷனுக்குன்னா, மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல்னு ஒரு ஆப் இருக்கு. சல்லிக்காசு இல்ல, முன்கூட்டி அனுமதியும் வேண்டாம். இதை எவனும் வாயைத் திறந்து சொல்ல மாட்டான். ஓசியில கெடைக்கதைப் பத்திப் பேசினா கௌரவம் கொறைஞ்சு போகும்லா.

"என் கிரெடிட் கார்டுக்காரனே அந்த 120 டாலரைத் திருப்பிக் குடுத்துருவான், மாமா"ன்னு ஒரு போடு போட்டே. குடுப்பான், குடுப்பான். அந்தக் கார்டுக்கு வருசச் சந்தா எவ்வளவுன்னு கேட்டேன், டல்லாஸ்ல வெயில் ரொம்ப ஜாஸ்தின்னு பேச்சை மாத்திட்டே.

இந்த கிளியர் விசயத்துக்கு வாரேன். அது அரசாங்கமே இல்ல. தனியார் கம்பெனி. வருசத்துக்கு 200 டாலருக்கு மேல. கவனி, வருசத்துக்கு. செய்யுத வேலை என்ன? கண்ணையும் மூஞ்சியையும் பாத்து நீதான்னு உறுதிப்படுத்தி, அடையாள அட்டை பாக்குத எடத்துல ஒன்னை முன்னால கொண்டுபோயி விட்டுருவான். அதுக்கப்புறம் பையைத் தட்டுல வைக்கதும், மிஷினுக்குள்ள கையைத் தூக்கிக்கிட்டு நிக்கதும், பிரீசெக் இல்லாதவன்னா எல்லாரையும் போலத்தான். திருச்செந்தூர்ல காசு குடுத்துச் சீக்கிர தரிசனம்னு டிக்கெட் எடுத்தவன் பூராப் பேரும் நெருக்கியடிச்சு நிக்க, தர்ம தரிசனத்துல போனவன் இலை விபூதியோட வெளிய வந்து பதநி குடிச்சிக்கிட்டு இருப்பான், பாத்திருக்கேல்லா? பெரிய ஏர்போர்ட்ல கூட்டமான காலை நேரத்துல கிளியர் வாசல் சில சமயம் அந்தக் கதைதான். ஒனக்கு அது வேண்டாம். கம்பெனி கட்டுதுன்னா, ஒன் விசாவுக்குக் குடுப்பானான்னு கேட்டுட்டு வாங்கிக்கோ. கம்பெனி காசுல விஷம் குடுத்தாலும் ருசி பாக்குதவன்தான நீ.

பிரீசெக்ல என்ன லாபம்னா, முந்தி பெரிய லாபம் ஷூதான். கழட்ட வேண்டாம். 2025 ஜூலையில எல்லாருமே ஷூவோட போகலாம்னு சொல்லிட்டான். அதுவரைக்கும் காசு கட்டி ஷூவோட நடந்தவனுக எல்லாம் அன்னைக்கு ராத்திரி தூங்கியிருக்க மாட்டானுக. இப்ப மிச்சம் இருக்கது, லேப்டாப்பையும் குட்டிக் குட்டிக் குப்பிகளையும் பையை விட்டு எடுக்க வேண்டாம், பெல்ட்டைக் கழட்ட வேண்டாம். போன தடவை வீடியோவுல ஒன் வயித்தைப் பாத்ததுலேர்ந்து, இந்தப் பெல்ட்டு சலுகையை மட்டும் நீ விடக் கூடாதுன்னு ஒங்க அத்தை சொல்லுதா.

அதுவும் எல்லாத் தடவையும் கெடைக்கும்னு எழுதிக் குடுக்க மாட்டான். போர்டிங் பாஸ்ல பிரீசெக் முத்திரை அச்சாகி இருக்கணும். சில சமயம் அவனாவே சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி நிறுத்திருவான். ஆனா நம்ம ஆளுகளுக்கு முத்திரை வராததுக்குப் பேரும் ஒரு காரணம்.

ஒனக்குக் குலசாமி பேரை வச்சாச்சு. பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பேரு கட்டத்தைக் காலியா விட்டாச்சு. நமக்கு ஏது குடும்பப் பேரு, இனிஷியல்தான. விசா குடுத்தவன் என்ன செஞ்சான்? ஒன் முழுப் பேரையும் தூக்கிக் குடும்பப் பேரு எடத்துல போட்டுட்டு, சொந்தப் பேரு எடத்துல எஃப்.என்.யூ.ன்னு அடிச்சுட்டான். மொதப் பேரு தெரியலையாம். தெப்பக்குளத்துல நீ முங்கிக் கெடந்தாலும் காதுல விழுற மாதிரி ஒங்க அம்மா கூப்பிட்ட பேரு, அவனுக்குத் தெரியலையாம். இப்ப ஒரு டிக்கெட்டுல எஃப்.என்.யூ. இருக்கு. இன்னொண்ணுல ஒங்க அப்பா பேரு இருக்கு. ஆபீஸ்ல போட்டதுல ஒத்தப் பேரையே ரெண்டா வெட்டி வச்சிருக்கான். குளோபல் என்ட்ரி கார்டுக்குப் பின்னால ஒம்பது இலக்க எண் ஒண்ணு இருக்கும். அதை டிக்கெட் போடும்போதே அதுக்குன்னு இருக்க கட்டத்துல ஏத்தணும். எண்ணு, பேரு, பெறந்த தேதி மூணும் விண்ணப்பத்துல குடுத்தபடியே இருக்கணும். எண்ணைக் குடுக்காம, கார்டைப் பர்சுலேர்ந்து உருவி வாசல்ல நிக்கவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா, அவன் என்ன செய்வான் பாவம்? போர்டிங் பாஸைத்தான் பாப்பான்.

விண்ணப்பத்தைப் பத்திச் சொல்லணும். அஞ்சு வருசமா எங்கெங்க குடியிருந்தே, எங்கெங்க வேலை பாத்தே, எந்தெந்த நாட்டுக்குப் போனே, எல்லாம் வரிசையா எழுதணும், நடுவுல இடைவெளி விடப்படாது. வேலை போயி வீட்டுல படுத்துக் கெடந்தியே ஒரு காலம், அதையும் எழுதணும். ஒனக்குப் பொண்ணு குடுத்த வீட்டுலகூட இத்தனை கேள்வி கேக்கல. கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்னு அந்தப் பிள்ளை இப்ப சொல்லுதா, அது வேற. வழக்கு கிழக்கு உண்டா, கஸ்டம்ஸ்ல எப்பவாவது மாட்டினியான்னும் கேப்பான். அதுல ஒளிச்சேன்னா மத்ததெல்லாம் சுத்தமா இருந்தும் புண்ணியமில்ல.

இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கதால ஒனக்கு இன்னொரு படி கூட. நம்ம பாஸ்போர்ட் சேவா வழியாவும் தனியா விண்ணப்பிக்கணும், போலீஸ் சரிபார்ப்பு நடக்கும். இதுதான் நாள் இழுக்கும். அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டரு நிமிசத்துல பாத்துரும், நம்ம ஸ்டேஷன்ல ஏட்டையா பந்தோபஸ்து முடிஞ்சு வரணும்லா. விசாரிக்க வந்தாருன்னா டீ வாங்கிக் குடுத்து நல்லபடியா நாலு வார்த்தை சொல்லுதேன். கோயில் தோப்பு மாங்கா விசயத்தை என் வாயால சொல்ல மாட்டேன்.

எல்லாம் கழிஞ்சா 'நிபந்தனையோட அனுமதி'ன்னு வரும். அதைப் பாத்துட்டுத் துள்ளிக் குதிக்காதே. நேர்காணல் பாக்கி இருக்கு. அதுக்குத் தேதி கெடைக்காம நம்ம பையன்க புலம்புதாங்க, தேதி கெடச்ச ஊருக்குக் காரை எடுத்துக்கிட்டு ஓடுதாங்க. ஓட வேண்டாம். வெளிநாட்டுலேர்ந்து வந்து எறங்கும்போதே, தேதி வாங்காம, ஏர்போர்ட்லயே அந்த நேர்காணலை முடிச்சிக்கிடலாம். டல்லாஸ்லயும் அது உண்டு. கோயில் கொடைக்கு வந்துட்டுத் திரும்பிப் போறப்ப முடிச்சிரு. சாமியும் பாத்த மாதிரி ஆச்சு.

ஒண்ணை மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோ. இது உரிமை இல்ல, அவன் பாத்துக் குடுக்குத சலுகை. 2020-ல டிரைவிங் லைசென்ஸ் விவரத்தைக் குடுக்கதுல நியூயார்க் மாநில அரசாங்கத்தோட வந்த சண்டையில அந்த மாநிலத்துக்காரனுக எல்லாரையும் விண்ணப்பிக்கவே விடாம நிறுத்திட்டான். ஜூலையில மறுபடி திறந்துவிட்டான். நடுவுல மாட்டினவன் நல்லவனா கெட்டவனான்னு எவன் பாத்தான்? மேல ரெண்டு பேரு மல்லுக்கு நின்னா கீழ இருக்கவனுக்குக் கார்டு கெடைக்காது.

நெவார்க்ல ஒரு காட்சி பாத்தேன். நம்ம ஊருப் பையன்தான், மூஞ்சியே சொல்லுச்சு. குளோபல் என்ட்ரி பக்கம் போனான், கேமராவுக்கு மூஞ்சியைக் காட்டினான், ரெண்டு நிமிசத்துல அந்தப் பக்கம். பொண்டாட்டி? பாம்பா வளைஞ்சு கெடந்த பொது வரிசையில, இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு, தோள்ல டயப்பர் பை. அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு போனைப் பாத்துக்கிட்டு இருந்தான். அந்தப் பிள்ளை அவனைப் பாத்த பார்வைக்கு எந்த நாட்டுலயும் விசா கெடைக்காது. இதுல ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி கார்டு வேணும், கைக்குழந்தைக்கும் சேத்து. பிரீசெக் வரிசையிலதான் 12 வயசு வரைக்கும் பிள்ளைக ஒட்டிக்கிட்டு வரலாம். பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா, இல்ல கூடவே விண்ணப்பிச்சா, 18 வயசுக்குக் கீழ இருக்க பிள்ளைகளுக்கு ஓசிதான். கட்ட வேண்டியது ரெண்டு பேருக்கு. கிளியருக்கு வச்சிருக்க காசுல ஒன் பொண்டாட்டிக்கு ஒண்ணு எடுத்துக் குடு. மிச்சத்துல சேலை எடுத்துக் குடுக்கலாம்.

இவ்வளவும் செஞ்சு வாங்கினதைக் கெடுக்கது ஒங்க அத்தையோட பாசந்தான். நீ பெட்டியை மூடினதும் திறந்து உப்புக்கண்டத்தைத் திணிப்பா. கொல்லையில பறிச்ச கறிவேப்பிலையை ஈரத்துணியில சுத்திச் சட்டைக்கு நடுவுல வைப்பா. ரெண்டும் அங்க ஆகாது. நம்ம ஊரு கறியில மாட்டுக்கு வாரக் கோமாரி இருக்கும்னு பயப்படுதான். பச்சைக் கறிவேப்பிலையில ஒட்டி வார பூச்சியால அவன் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டமே நாசமாப் போகுமாம். 2018-ல பாரிஸ்லேர்ந்து வந்த ஒரு அம்மா, விமானத்துல குடுத்த ஆப்பிளைப் பசிக்கும்போது திங்கலாம்னு பையில வச்சிருந்தா. 500 டாலர் தண்டம். குளோபல் என்ட்ரி இருந்தவதான், அதுவும் போயிருமோன்னு பதறிட்டா. மத்தவன் மாட்டினா தண்டத்தோட போகும், ஒனக்குக் கார்டும் போயிரும். அதனால தின்பண்டம் இருக்கான்னு கேட்டா 'இருக்கு'ன்னு சொல்லிரு. சொன்னா மிஞ்சி மிஞ்சிப் போனா எடுத்துக் குப்பையில போடுவான். தண்டம் கெடயாது. அத்தைகிட்ட மட்டும் நாயி தின்னுட்டுன்னு சொல்லிக்கிடலாம்.

கடைசியா நம்ம நாட்டுது. அமெரிக்காக்காரன் கதவுக்கு இத்தனை யோசனை பண்ணுதே, நம்ம ஊரு இமிக்ரேஷன்ல கால்கடுக்க நிப்பேன்னு சொல்லி ஒவ்வொரு தடவையும் அரசாங்கத்தைத் திட்டுதே. நம்ம அரசாங்கமும் ஒண்ணு வச்சிருக்கு. எஃப்.டி.ஐ - டி.டி.பி.ன்னு பேரு, 'நம்பகமான பயணி'ங்க அர்த்தத்துல. பேரை அமெரிக்காக்காரன்கிட்டயே வாங்கியிருப்பாங்க போல. 2024 ஜூன்ல டெல்லியில தொடங்கினாங்க. 2025 ஜனவரியில சென்னைக்கு வந்துச்சு. செப்டம்பர்ல திருச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் வந்துட்டு. நீ எறங்குதது திருவனந்தபுரத்துலதான? இந்தியக் குடிமகனுக்கும் ஓ.சி.ஐ. கார்டுக்காரனுக்கும் உண்டு. கட்டணம் கெடயாது. அதனாலதான் ஒன் காதுல விழல. 120 டாலர்னு போட்டிருந்தா மொத ஆளா நின்னிருப்பே.

நெட்ல விண்ணப்பிச்சு, கைரேகையும் மூஞ்சியும் ஏர்போர்ட்லயோ வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துலயோ குடுத்துட்டா, பிறகு பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் மிஷின்ல காட்டி, தானாத் திறக்குத கேட்டு வழியா வெளிய வந்துரலாம். அஞ்சு வருசம் செல்லும், இல்ல பாஸ்போர்ட் முடியற வரைக்கும், எது முந்தியோ அது. பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்காவது செல்லுபடியா இருக்கணும். ஒன்னோடது எப்ப முடியுதுன்னு எந்திரிச்சுப் போயிப் பாரு, போன்லயே இருக்கேன். இமிக்ரேஷன் கழியுமே தவிர பெட்டி வாரது அதோட நேரத்துக்குத்தான் வரும், அதுக்கு எந்த நாட்டுலயும் கார்டு கண்டுபிடிக்கல.

போட்டோ மட்டும் வெள்ளைப் பின்னணியில புதுசா எடுத்து அனுப்பு. ஒங்க அண்ணன் கல்யாண ஆல்பத்துலேர்ந்து வெட்டி அனுப்பினான். தோள்ல மாமனாரு கை இருந்துச்சு.