இரண்டாமிடவியல்: 1960களின் பாப் பாடல்களை வரிசைப்படுத்துவார்க்கு ஓர் இலக்கணம்

நுதலிய பொருள்

1960களின் ஆங்கில பாப் பாடல்களில் பிடித்த பத்தைச் சொல்லுங்கள் என்றால், முதலிடம் எதற்கு என்றே எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அது வீண் பாடு என நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

நூற்பா

வாரத்துக்கு உரியது முதலிடம். வரலாற்றுக்கு உரியது இரண்டாமிடம்.

சான்றுகள்

ஒன்று: கிங்ஸ்மென் குழுவின் 'லூயி லூயி' 1963 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலின் இரண்டாமிடத்தில் நின்றது. பாட்டுக்குள் ஆபாசம் ஒளிந்திருப்பதாகப் புகார் கிளம்பவே, எஃப்.பி.ஐ. இசைத்தட்டைப் பல வேகங்களில் சுழலவிட்டுக் கேட்டு, ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று கோப்பை மூடியது. அந்த டிசம்பரில் முதலிடத்தில் அமர்ந்து 'லூயி லூயி'யை வழிமறித்தவர் பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரீ ஒருவர், பாட்டு 'டொமினிக்'. அதை விசாரிக்க ஒரு கான்ஸ்டபிள்கூட வரவில்லை.

இரண்டு: பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' 1965இல் பில்போர்டில் பீட்டில்ஸின் 'ஹெல்ப்!' பாட்டுக்குப் பின்னே இரண்டாவதாக நின்றது. 2004இல் ரோலிங் ஸ்டோன் இதழ் அதை 500 தலைசிறந்த பாடல்களுக்குத் தலைமை ஏற்கச் செய்தது. 2021இல் நான்காமிடத்துக்கு இறக்கிவிட்டது. இரண்டிலேயே இருக்க விட்டிருந்தால் இந்த மானக்கேடு நேர்ந்திராது.

மூன்று: 1967இல் 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இரண்டையும் ஒரே தட்டில் சுமந்து வந்த பீட்டில்ஸை, பிரிட்டனில் இரண்டாமிடத்தோடு நிறுத்தியது எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்கின் 'ரிலீஸ் மீ'. அவர் 1936இல் மதராஸில் பிறந்தவர். இவ்விடத்தில் ஊர்ப்பாசம் ஆய்வாளரின் பேனாவைப் பிடித்து இழுத்தது. நூற்பாவின் பொருட்டு அது அடக்கப்பட்டது.

நான்கு: 1969ஆம் ஆண்டு முழுமைக்குமான பில்போர்டு முதலிடம் 'சுகர், சுகர்' பாட்டுக்குப் போனது. பாடியதாகச் சொல்லப்பட்ட ஆர்ச்சீஸ் குழுவினர் கார்ட்டூன் பாத்திரங்கள். முதலிடம் பெற உயிரோடு இருத்தல்கூடக் கட்டாயமில்லை என்பது இதனால் பெறப்படும்.

ஐயம்

1963இல் பீட்டில்ஸின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டுக்குப் பிரிட்டன் இதழ்களுள் மெலடி மேக்கர் முதலிடமும் ரெக்கார்டு ரீடெய்லர் இரண்டாமிடமும் தந்தனவே எனின், சராசரி ஒன்றரை என்று கொள்ளற்க. பிற்காலத்தார் அதிகாரபூர்வமென ஏற்றது ரெக்கார்டு ரீடெய்லர் கணக்கையே. பாட்டு பிழைத்தது.

தடையும் விடையும்

பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' 1968இல் பில்போர்டில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தும் இன்றளவும் பாடப்படுகிறதே எனின், அற்றன்று. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் அப்பாட்டில் ஊரே சேர்ந்து பாடுவது அதன் இரண்டாம் பாதியை. ஆகவே அதுவும் இந்நூற்பாவுள் அடங்கும் என்க.

முடிபு

பட்டியல் இடுவோர் 1 என எழுதி, எதிரே ஒன்றும் எழுதாது விட்டு, இரண்டிலிருந்து தொடங்குக. இனி இரண்டாமிடம் எதற்கு என்று அடிதடி எழலாம். முற்றினால் மூன்றாமிடவியல் எழுதப்படும்.