ஊரூர் ஒல்காட் குப்பத்துப் பேக்கிங் வகுப்பில் ஐந்திணைக் கூறுகள்: ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

கேக் செய்துகாட்டும் வகுப்புகளுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. ஆயினும் வகுப்பில் எழும்பிய கேக் வீட்டில் ஏன் எழும்புவதில்லை என்ற வினாவை இதுவரை எவரும் அகத்திணையியல் நோக்கில் அணுகவில்லை. மாவு பழசு, அடுப்பு சரியில்லை, கைராசி இல்லை என்ற மூன்று கொள்கைகளும் வாய்மொழியாகவே வழங்கிவருகின்றன. கேக்குக்கும் திணை உண்டு என்பதும், குறிஞ்சிக்குரிய ஒழுக்கத்தை நெய்தலில் நிகழ்த்தப் புகுவதே இத்துயரின் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக் களம்

அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே அமைந்த மீனவக் குப்பம் இது. மேற்கே பிரம்மஞான சபையின் தோப்பு. வடக்கே 1977இல் உடைந்து அப்படியே நிற்கும் பாலம். 1882இல் சபையின் தலைமையிடத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்த ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டின் பெயர் குப்பத்துக்கும், அவருக்குப்பின் சபைக்குத் தலைமையேற்ற அன்னி பெசன்டின் பெயர் அடுத்த நகருக்கும் வாய்த்தன. வகுப்புக்கு இரு பகுதியிலிருந்தும் பெண்கள் வந்திருந்தனர்.

முதற்பொருளில் நிலம் மணல். பொழுது பிற்பகல் மூன்று மணி, அதாவது நெய்தலுக்கே உரிய எற்பாடு. கடற்காற்று ஜன்னல் வழியே வந்து பொடித்த சர்க்கரையைக் கட்டிதட்டச் செய்துகொண்டிருந்தது. கருப்பொருள்: ஓடிஜி அடுப்பு, எலக்ட்ரிக் பீட்டர், பட்டர் பேப்பர், வெனிலா எசென்ஸ், எல்லாவற்றையும் படம்பிடித்த செல்போன்கள்.

முன்னோர்

இத்துறையின் முதல் மாணவர் தலச்சேரி மாம்பள்ளி பாப்பு. 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக்கை அவர் கையில் கொடுத்து, இதைப்போல் ஒன்று செய் என்றாராம். செய்முறையை வாயால் சொன்னதோடு சரி. பிரெஞ்சு பிராந்தி சேர்க்கச் சொன்ன இடத்தில் பாப்பு முந்திரிப்பழச் சாராயத்தைச் சேர்த்தார் என்பர். தலச்சேரியும் கடலோரம்தான். நிலத்துக்கேற்பக் கருப்பொருளை மாற்றலாம் என்பதற்கு இதனினும் பழைய சான்று இவ்வாய்வாளருக்குக் கிட்டவில்லை.

ஐந்திணைப் பகுப்பு

*குறிஞ்சி* (புணர்தல்): வெண்ணெயும் சர்க்கரையும் கூடுதல். இதைக் கிரீமிங் என்பர். சர்க்கரை மணிகள் வெண்ணெயை உரசி அதனுள் காற்றைப் புகுத்துகின்றன. பேக்கிங் பவுடர் புதுக் குமிழி எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள குமிழிகளைத்தான் பெருக்குகிறது. எனவே இங்கே கூடாதது பின்னர் எழாது. இதற்கேற்ற வெப்பம் 18 முதல் 21 டிகிரி செல்சியஸ். குறிஞ்சிக்குக் கூதிர்காலத்து நள்ளிரவை வகுத்த பழையோர் வெண்ணெயை அறிந்தவர்கள் என்றே கொள்ளவேண்டும். செய்முறைத்தாளோ வெண்ணெய் ‘அறை வெப்பநிலையில்’ இருக்கட்டும் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. எந்த ஊர் அறை? சென்னையில் ஜனவரி விடியற்காலையிலேயே சுமார் 21 டிகிரி; மே மாதப் பகலில் 37ஐத் தாண்டும். வெண்ணெயோ 32இலிருந்து 35க்குள் உருகிவிடும்.

ஊட்டிக்கே போய்விடலாமே என்பார்க்கு: 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, பேக்கிங் பவுடரைக் குறைக்காவிட்டால் கேக் அவசரப்பட்டுப் பொங்கி அமுங்கும். அங்கே களவு எளிது, கற்பு கடினம்.

*பாலை* (பிரிதல்): ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே உடைத்து ஊற்றினால் கலவை திரிந்துபோகும். ஒரு ஸ்பூன் மைதா தூவினால் மீண்டும் சேரும். பிரிவுக்கு இத்தனை மலிவான மருந்து சங்கப் புலவர் எவருக்கும் தோன்றவில்லை.

*மருதம்* (ஊடல்): “முட்டை இல்லாம வராதா?” என்று முன்வரிசை மாமி ஒருவர் கேட்டதும் இத்திணை தொடங்கியது. அவையில் இரு கட்சி. வரலாற்றில் இவ்வூடலைத் தீர்த்தவர் பர்மிங்ஹாம் நகரத்து மருந்து வியாபாரி ஆல்ஃபிரட் பேர்ட். மனைவிக்கு முட்டை ஆகாது என்று 1837இல் முட்டையில்லாக் கஸ்டர்டு செய்தார். ஈஸ்ட்டும் ஆகாது என்று 1843இல் பேக்கிங் பவுடர் செய்தார். பரத்தையிற் பிரிந்து வந்து வாயில் வேண்டி நிற்கும் மருதத் தலைவர்கள் இவரிடம் பாடம் கேட்கலாம். நம் வகுப்பில் தயிரும் சமையல் சோடாவும் வாயில்களாக அனுப்பப்பட்டு ஊடல் தணிந்தது.

*முல்லை* (இருத்தல்): 180 டிகிரியில் அடுப்பின் முன் நாற்பது நிமிடம் ஆற்றியிருத்தல். கதவைத் திறந்தால் உள்வெப்பம் சரியும். மாவு இறுகுமுன் நடு அமுங்கும். தலைவிக்குக் கை பரபரக்கும். “இன்னும் டைம் ஆகலடி, சும்மா இரு” என்று ஆற்றுவிப்பவள் தோழி.

*நெய்தல்* (இரங்கல்): நடுவில் பள்ளம் விழுந்த கேக்கைக் கண்டு இரங்குதல். கண்டோர் கூற்று: “புட்டிங்கா இது? நல்லாத்தான் இருக்கு.”

சிக்கல்

திணை மயங்குவதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. இரு நிலம் ஓரிடத்தில் மயங்காது என்பதில்தான் உறுதியாக இருந்தார். வகுப்பு இவ்விதியை எவ்வாறு கடக்கிறது? மேசைக்கடியில் கைவிட்டு, “இது காலையிலேயே பண்ணி வெச்சது” என்று ஒரு பொன்னிறக் கேக்கை எடுத்துவைப்பதன் மூலம். விசாரித்ததில் அது ஏ.சி. போட்ட அறையில், அதாவது செயற்கைக் குறிஞ்சியில், அடித்த மாவு என்று தெரியவந்தது. வகுப்பில் கண்டதும் வீட்டில் கண்டதும் வேறுபட்டதற்குக் கைராசி காரணமன்று, நிலமே காரணம்.

களத்தில் கிடைத்த புதிய சான்று

மேசைமேல் கிண்ணத்து வெண்ணெய் மஞ்சளாய் ஓரம்கட்டி ஓடத் தொடங்கியது. பீட்டர் சுற்றச் சுற்ற ஆசிரியையின் ஏப்ரனில் துளித்துளியாய்த் தெறித்ததே தவிர நுரைக்கவில்லை. கடைசி வரிசையில் மீன் விற்கும் அக்கா ஒருவர் எழுந்தார்.

“மேடம், அது உருகிடிச்சி. எவ்ளோ அட்சாலும் நுரைக்காது. கீய ஐஸ் வெச்சி அடிங்க.”

“ஐஸ் வெச்சா கட்டியாயிடும்மா.”

“கட்டியாறதுக்கு மின்ன எட்த்துடணும். நாங்க மீனுக்கு வெக்கல? அதே கணக்குதான்.”

ஒரு பையன் ஓடிப்போய் அன்னக்கூடையில் உடைத்த ஐஸைக் கொண்டுவந்தான். அதன்மேல் கிண்ணம் ஏறியது. அக்கா பக்கத்தில் நின்று அவ்வப்போது கிண்ணத்தின் அடியைத் தொட்டுப்பார்த்து, “எடுங்க… இப்ப வைங்க…” என்றார். தெர்மாமீட்டர் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. சற்று நேரத்தில் வெண்ணெய் மஞ்சள் மாறி வெளுத்து, பீட்டரை உயர்த்தினால் கூர்முனையாய் நின்றது. செல்போன்கள் அனைத்தும் அவர் பக்கம் திரும்பின.

முடிவுகள்

1. நெய்தலில் குறிஞ்சியை நிகழ்த்த இயலும். அதற்குரிய கருவி நெய்தலின் கருப்பொருளிலேயே உள்ளது.

2. வெண்ணெயைக் கெடாமல் வைத்திருக்கும் கலையும் மீனைக் கெடாமல் வைத்திருக்கும் கலையும் ஒன்றே. முன்னதற்குக் கட்டணம் கட்டி வந்தோம். பின்னதைக் கற்றவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

3. மேலாய்வுக்கு உரியது: கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றி, உப்பு பரப்பி, குக்கரில் வேகவைக்கும் கேக்கின் அடி கருத்து மேல் வெளுப்பதன் திணை யாது? உள்ளே சுழலும் நீராவி மேல்புறத்தைச் சிவக்கவிடுவதில்லை என்பது வேதியியல். தலைகீழாகக் கவிழ்த்துப் பரிமாறுக என்பது மரபு.

4. பரிந்துரை: சென்னைக்கான செய்முறைத்தாள்களில் ‘அறை வெப்பநிலை’ நீக்கப்பட்டு, தேவையான பொருள்களின் வரிசையில், மைதாவுக்கும் முன்பாக, ‘ஐஸ் – ஒரு கூடை’ என்று சேர்க்கப்பட வேண்டும்.