மாமா பதில்கள்: வட கடலோரக் கோடை

பழவேற்காட்டிலிருந்து கடலூர் வரை, மார்ச் முதல் மே வரை. அடுக்கடுக்காகக் கேள்விகள் வந்துவிட்டன, இதோ பதில்கள்.

கே: இந்தக் கோடை எப்படி இருக்கும் மாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (ஒரு வாசகி, திருவொற்றியூர்)

ப: புழுங்கும்.

கே: வேலூரில் 41 டிகிரி, சென்னையில் 37. ஆனால் உயிர் போவது சென்னையில்தான். ஏன்? (ஒரு மாணவர், பெரம்பூர்)

ப: வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். வேலூரின் வறண்ட காற்று காயவிடும். கடற்கரைக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. அதனால் வியர்வை சட்டையை விட்டுப் போகாது, சூடு உடம்பை விட்டுப் போகாது.

கே: கடல்காற்று ஒரு நாள் பதினொரு மணிக்கே வருகிறது, இன்னொரு நாள் மூன்று மணிக்கும் காணோம். எதை நம்புவது? (ஒரு வாசகர், மயிலாப்பூர்)

ப: நல்ல கேள்வி, இந்தக் கரையின் தலையெழுத்தே இதில்தான் இருக்கிறது. தரை சூடேறினால் அங்குள்ள காற்று மேலே எழும். அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வரும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்றைக் கரையேற விடாது. தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் வெப்பநிலை ஏறும்.

மார்ச், ஏப்ரலில் கடல்காற்று சீக்கிரம் வந்துவிடும். மே பாதிக்கு மேல் மேற்குக் காற்றின் கை ஓங்கும். காலை ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் காயும் வேட்டியைப் பாருங்கள். அது கடலைப் பார்த்துப் பறந்தால் அன்றைய மதியம் கெட்டது.

கே: மீனம்பாக்கம் மட்டும் ஏன் நுங்கம்பாக்கத்தைவிடக் கொதிக்கிறது? (ஒரு வாசகர், பல்லாவரம்)

ப: கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, காற்று வந்து சேர நேரமாகும். விமானம் தாமதமானால் அறிவிப்பு உண்டு, கடல்காற்றுக்கு அதுவும் இல்லை.

கே: என் செல்போன் 46 என்கிறது, வானிலை மையம் 38 என்கிறது. யார் சொல்வது பொய்? (ஒரு வாசகி, ஆவடி)

ப: இரண்டும் நிஜம். போன் சொல்வது ஈரப்பதத்தையும் சேர்த்து உடம்பு உணரும் கணக்கு. மையத்தின் வெப்பமானி இருப்பது வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலடி உயரத்தில். நாலு பக்கமும் சாய்வுப் பலகைகள் வழியே காற்று போய்வரும். வெயில் உள்ளே விழக்கூடாதென்று கதவுகூட வடக்குப் பார்த்திருக்கும். தார் ரோடு போடும் பெண்ணுக்கு அப்படியொரு பெட்டி கிடையாது. அவருக்கு உங்கள் போன் காட்டும் 46-உம் குறைவுதான்.

கே: 39 அடித்தும் 'வெப்ப அலை' என்று அறிவிக்கவில்லையே? (ஒரு வாசகர், செங்கல்பட்டு)

ப: கடலோரத்துக்கு விதி இரண்டு: குறைந்தது 37 டிகிரி இருக்க வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மே மாதத்தில் சென்னையின் இயல்பே 37-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள், மோரைக் கரையுங்கள்.

கே: நண்பகலில் நிழலே விழாத நாள் உண்டாமே? (ஏழாம் வகுப்பு மாணவி, எண்ணூர்)

ப: உண்டு தாயே. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில், பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில். சூரியன் நேர் உச்சிக்கு வரும், கொடிக்கம்பத்தின் நிழல்கூட அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். பார்த்துவிட்டு உடனே உள்ளே ஓடிவிடு.

கே: கத்திரி முடிந்தால் வெயில் தணியும்தானே? (ஒரு பெரியவர், திருக்கழுக்குன்றம்)

ப: பஞ்சாங்கத்தில் தணியும். 2003-இல் சென்னை 45 டிகிரியைத் தொட்டது கத்திரி முடிந்த பிறகு, மே மாதக் கடைசியில்தான் ஐயா.

கே: புயல் வந்தாலாவது குளிருமா? (ஒரு வாசகர், கடலூர்)

ப: எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்தது. 2016 மே மாதம் ரோனு கரையை ஒட்டியே போய் மழை கொடுத்தது. 2019-இல் ஃபானி நம் பக்கம் வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, மே 3 அன்று பூரி அருகே கரையேறிப் பெருஞ்சேதம் செய்தது. வடக்கே நகரும் புயல் நம் மேல் வறண்ட மேற்குக் காற்றை இழுத்துவிடும். மழைக்கென்று எடுத்த குடையை வெயிலுக்குப் பிடிக்க வேண்டியதுதான்.

கே: காசிமேட்டில் மீன் விலை ஏன் இப்படி எகிறுகிறது? (ஒரு வாசகி, வண்ணாரப்பேட்டை)

ப: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீனுக்குப் பிரசவ விடுப்பு. கொடுத்துத்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடம் விலை கேட்கவும் மீன் இருக்காது.

கே: ராத்திரியாவது தூங்க முடியுமா? (ஒரு வாசகர், சைதாப்பேட்டை)

ப: மே இரவுகள் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்கவே யோசிக்கும். சாயங்காலமே மாடித் தரையில் தண்ணீர் தெளியுங்கள். காற்று வரும் பக்கம் பாட்டிக்கு.

கே: மழை வேணும்னு ஊரே வேண்டுது. எங்க உப்பளத்துல ஒரு மழை பெஞ்சா பாத்தியில இருக்கிற உப்பு மொத்தமும் கரைஞ்சிடும், கூலியும் போயிடும். நான் என்னன்னு வேண்டுறது மாமா? (ஒரு தொழிலாளி, மரக்காணம்)

ப: வானத்திடம் ஒன்றும் கேட்காதே தங்கச்சி, அது யார் பேச்சையும் கேட்காது. மழை நாளுக்குப் பாதிக் கூலியாவது வேண்டுமென்று முதலாளியிடம் கேள். தனியாகப் போகாதே, பத்துப் பேராகப் போ.